காலி வண்டி ஓட்டாதவர்

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணினாலும் சரி. அத்தனை டிரைவர்களிலும் வாழ்க்கையில் ஒரு கிலோமீட்டர்கூடக் காலி வண்டி ஓட்டாத ஆள் ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் வண்டியை ஓட்டினார்.

பெயர் தெரியாது. லைசென்சில் ஏதோ இருக்கும். நாங்கள் ரிட்டன் என்போம். முகத்துக்கு நேராக அண்ணா, முதுகுக்குப் பின்னால் ரிட்டன். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

நான் கருங்குழிக்காரி. எட்டாவது வரை படித்தேன். ரைஸ் மில்லில் பதினோரு வருஷம் மூட்டை வாய் தைத்தேன். மில்லை மூடிவிட்டார்கள். செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் ஒரு லாரி ஆபீசில் போன் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "செரி, நீ வா. முன்னாடி இருந்தவன் ரொம்ப பேசுவான்" என்றார். மூன்று மாதம் பார்ப்பேன், தேறினால் இரு, தேறாவிட்டால் கிளம்பு என்பது பேச்சு. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். கிளம்பும் எண்ணம் எனக்கு இல்லை.

வேலை சுலபம் என்று நினைத்தேன். கேட்ட இடத்துக்கு வண்டி அனுப்ப வேண்டும். வண்டி சரக்கை இறக்கியதும் அந்த ஊரிலேயே வேறு சரக்கு பிடித்து ஏற்றித் திரும்பி வரவழைக்க வேண்டும். அப்படித் திரும்பி வரும் சரக்குக்குப் பெயர் ரிட்டன். இவ்வளவுதான் வேலை. ஆனால் போனில் கூப்பிட்டவர்கள் தமிழும் பேசவில்லை, இங்கிலீஷும் பேசவில்லை. லாரி பாஷை பேசினார்கள். முதல் நாள் ஒருவன், "இருவத்ரெண்டு அடி ஓபன் கீதா?" என்று கேட்டான். ஆபீஸ் திறந்துதான் இருக்கிறது என்று சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான். முதலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

என் மகனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து வார்த்தைகளை எழுத ஆரம்பித்தேன். ஓபன் என்றால் மேலே கூரை இல்லாத லாரி. கண்டெய்னர் என்றால் இரும்புப் பெட்டி மாதிரி மூடியது. பார்ட் லோடு என்றால் வண்டியில் பாதிச் சரக்கு, ஃபுல் லோடு என்றால் வண்டி நிறைய. எல்ஆர் என்றால் சரக்கோடு போகும் சீட்டு. யார் அனுப்புவது, யார் வாங்குவது, என்ன பொருள், எத்தனை என்று அதில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். எம்ட்டி என்றால் காலி வண்டி.

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னை ரிட்டனிடம் மாட்டிவிட்டது.

இரண்டாம் நாள். அவர் விழுப்புரத்தில் டைல்ஸ் இறக்கிவிட்டுக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆபீஸ் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவருக்கு அக்கா அல்லது அண்ணன்.

"யக்கா, புச்சா நீ? சரக்கு எறக்கிட்டேன். ரிட்டன் இன்னா?"

நோட்டைப் பார்த்தேன். "ரிட்டன் இல்ல. எம்ட்டியா வாங்கண்ணா" என்றேன். புது வார்த்தையைச் சரியான இடத்தில் போட்ட திருப்தி எனக்கு.

அந்தப் பக்கம் வண்டிக் கதவை அறையும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"யக்கா, என்ன எதுனா அசிங்கமா திட்டணும்னா திட்டிக்கோ. அந்த வார்த்தய மட்டும் சொல்லாத."

வைத்துவிட்டார். இரண்டு நாள் வண்டி வரவில்லை. விசாரித்தால், விழுப்புரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். முதலாளி கத்தினார். ஹால்டிங், ஹால்டிங் என்று கத்தினார். வண்டி ஓடாமல் சும்மா நிற்பதற்குப் பெயர் ஹால்டிங் என்று அன்று எழுதிக்கொண்டேன். பக்கத்தில் எடுத்துக்காட்டு என்று போட்டு, ரிட்டன் அண்ணா என்று எழுதினேன்.

அதற்கு அடுத்த நாள் வந்து சேர்ந்தார். வண்டியில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. படாளத்துப் பந்தல்காரர் ஒருவர் விழுப்புரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மறந்துவிட்டு வந்தவை. அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு கல்யாண மண்டபமாகப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாராம்.

அவர் சட்டப்படி வண்டியில் ஏறுவதெல்லாம் லோடு ஆகிவிடாது. கயிறு போட்டுக் கட்ட வேண்டும். தார்ப்பாய் மூட வேண்டும். எல்ஆர் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, போய்ச் சேரும் இடத்தில் ஒரு ஆள் அதற்காகக் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திராத பொருள் குப்பை. குப்பை ஏற்றிய வண்டி காலி வண்டி. அளவு ஒரு பொருட்டே இல்லை.

திண்டிவனத்திலிருந்து ஒருமுறை வரும்போது சோதனை அதிகாரி ஒருவர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார். ரிட்டன் போடும் முடிச்சு சாமானிய முடிச்சு இல்லை. அதிகாரியின் ஆட்கள் அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆனது. இருபத்திரண்டு அடி லாரியின் நட்ட நடுவில் ஒரே ஒரு ஆட்டுக்கல் உட்கார்ந்திருந்தது. எட்டுப் பக்கமும் கயிறு.

அதிகாரி ஆட்டுக்கல்லைச் சுற்றி வந்தாராம். குனிந்து குழிக்குள் பார்த்தாராம். "இதுக்காய்யா இவ்ளோ கட்டு?" என்று கேட்டிருக்கிறார்.

"சார், நெறைய இருந்தா ஒண்ணுக்கொண்ணு புடிச்சிக்கும். இது தனியா கீது. பயந்துடும்."

எல்ஆர் சரியாக இருந்தது. பொருள் ஆட்டுக்கல், எண்ணிக்கை ஒன்று, வாங்குபவர் மாமண்டூரில் இருக்கும் ஒரு மருமகள். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, தார்ப்பாயின் ஒரு முனையைத் தானே பிடித்துக் கட்ட உதவினாராம். இதை ரிட்டன் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த அதிகாரியே பிறகு ஒருநாள் ஆபீசுக்கு வந்து, அந்த ஆள் இன்னும் வண்டி ஓட்டுகிறாரா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எல்ஆர் புத்தகம் ஒன்று அவர் வண்டியிலேயே இருக்கும். எனக்குப் போன் போட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதுவார். ஒரு கட்டம் விட்டுப்போனாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பிடுங்கலில் எனக்கு எல்ஆர் மனப்பாடம் ஆகிவிட்டது. 'பொருளின் விவரம்' என்ற கட்டத்தில் 'எருமைக்கன்று, சாது' என்று எழுதச் சொன்ன லாரி ஆபீஸ் இந்த ஜில்லாவில் எங்களுடையது மட்டும்தான்.

காத்திருக்க ஆள் கிடைக்காவிட்டால் ஆளை உண்டாக்குவார். எங்கள் ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. வேறு யாரும் அகப்படாதபோது டீக்கடைக்காரருக்குப் போன் வரும். "உனுக்கு ஒரு பெஞ்சு வந்துகினு கீது. காத்துகினு இரு." அவ்வளவுதான். டீக்கடைக்காரர் காத்திருந்தே ஆக வேண்டும். இப்படி அந்தக் கடைக்கு மூன்று பெஞ்சு, பள்ளிக்கூட மணி ஒன்று, சலூன் நாற்காலி ஒன்று எல்லாம் வந்தன. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்க டிரைவர்களுக்குள் சண்டை நடக்கும். பிறகு கதவில்லாத நிலைப்படி ஒன்று வந்தது. கடைக்கோ நாலு பக்கமும் சுவர் கிடையாது. நிலைப்படியை முன்னால் நட்டு வைத்தார்கள். அன்றுமுதல் எல்லாரும் அதன் வழியாகக் குனிந்துதான் டீ குடிக்கப் போனோம்.

ஒருநாள் டீக்கடைக்காரர் என் மேசைக்கு வந்தார். "யம்மா, அந்த ஆளுக்கு எதுனா ஒழுங்கான லோடா புடிச்சி குடும்மா. என் கட தாங்காது. நேத்து போன் பண்ணி, உனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, ஒரு ரோடு ரோலர் கீதுன்றாரு."

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ஒருமுறை ஆபீசுக்கு வந்தபோது சொன்னார். ரேஷன் கடைக்குப் போகக் காலிப் பையை எடுக்க மாட்டாராம். எதிர்வீட்டுக்காரி செருப்பைத் தைக்கக் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ரிப்பேருக்குப் போக வேண்டும் என்றால் அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் வாசற்படி இறங்குவாராம். "தெருவே கேக்குதுங்க, அண்ணாத்த எத்தினி மணிக்கு ரேஷனுக்குப் போறாருன்னு. கல்யாணத்தன்னிக்கே என்ன இட்டுகினு வூட்டுக்கு வரும்போது ஒரு கையில நானு, ஒரு கையில சமையக்காரரோட அண்டா. எனுக்கு அப்பவே புரிஞ்சிபோச்சு."

ஏன் இப்படி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஜோசியக்காரன் சொன்னது என்றார் பட்டறை மெக்கானிக். டீக்கடைக்காரர், மூளையில் ஒரு நரம்பு குறுக்கே ஓடுகிறது என்றார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. இன்னொரு பழக்கம் வேறு அவருக்கு. வண்டியைக் கிளப்பியதும் போனை அணைத்து டூல்பாக்ஸில் போட்டுப் பூட்டிவிடுவார். என்ஜின் ஓடும்போது டிரைவர் காதில் என்ஜின் மட்டும்தான் கேட்க வேண்டுமாம். அதனால் சொல்ல வேண்டியதை வண்டி கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும்.

இது எனக்கு நல்லதாகப் போயிற்று. அவர் போய்ச் சரக்கை இறக்கிய பிறகு ரிட்டன் தேடினால் புளியமரத்தடிதான். ஆகவே அவர் இங்கே ஏற்றும்போதே அங்கே ரிட்டன் பிடித்து வைக்கப் பழகினேன். அந்தப் பழக்கம் மற்ற வண்டிகளுக்கும் வந்தது. எங்கள் ஆறு வண்டியும் நிற்பது குறைந்தது. இரண்டரை மாதத்தில், போனில் பேசுகிறவன் என்ன கேட்கிறான் என்று அவன் வாய் திறக்கும்போதே தெரிந்தது. நோட்டைப் பிரிப்பதையும் நிறுத்தினேன்.

அங்கேதான் தப்பு நடந்தது.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை காலை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றிலிருந்து ஸ்தபதி கூப்பிட்டார். எங்கள் ஆபீசின் பழைய வாடிக்கை. ஏழடி அம்மன் சிலை. மூன்றரை டன். கள்ளக்குறிச்சி தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கோயிலுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சிலையைத் தண்ணீரில் வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றச் சடங்கெல்லாம், நேரம் தவறக் கூடாது என்றார். வண்டி அனுப்புகிறேன் என்றேன்.

என்னிடம் இருந்தது கண்டெய்னர். புதுசு. சுத்தமாகக் கழுவி நிறுத்தியிருந்தது. எனக்குச் சந்தோஷம். ஓபன் வண்டிகளில் கோழித் தீவனமும் எருவும் போய் வரும். சாமியை அதில் எப்படி ஏற்றுவது? வெயில் படாமல், தூசி படாமல், கூரை போட்ட வண்டியில் அனுப்புவதுதான் மரியாதை. அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்தபதி கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை.

"யம்மா, கிரேன் வந்து அம்மன தூக்கி நிறுத்திகினு கீது. உங்க வண்டியும் வந்துட்ச்சு. மேல மூடி கீதே, எந்த வழியா எறக்கறது?"

பின்பக்கம் கதவு இருக்கிறது என்றேன்.

"கீது. அம்மன் படியேறி உள்ள நடந்து போவுமா?"

அப்போதுதான் புரிந்தது. சிலையை மேலேயிருந்துதான் இறக்க முடியும். கண்டெய்னர் என்றால் என்ன என்று எழுதி வைத்தேன். அதில் என்ன ஏற்ற முடியாது என்று எழுதவில்லை.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகப் பேசினார். "சனிக்கெழமையோட உன் மூணு மாசம் முடியுது. அம்மன் நாளைக்கு நேரத்துக்குப் போய் சேரணும். சேதாரம் இல்லாம வந்துச்சுன்னு கோயில்ல கையெழுத்துப் போட்ட தாளு, சனிக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்கு என் மேசைல இருக்கணும். இருந்தா நீயும் இரு."

போனில் படம் பிடித்து அனுப்பினால் போதுமா என்று கேட்டேன்.

"படத்துல எவன் வேணா கையெழுத்துப் போடுவான். தாளு வேணும்."

அந்தத் தாளுக்குப் பிஓடி என்று பெயர். நோட்டில் எழுதவில்லை. அது மறக்காது. சிலைக்கு விரல் நுனி உடைந்தாலும் பூசைக்கு ஆகாது, பிறகு அது வெறும் கல் என்பதும் எனக்குத் தெரியும்.

ஓபன் வண்டிகள் ஓசூரில் இரண்டு, தூத்துக்குடியில் ஒன்று, பட்டறையில் ஒன்று. மிச்சம் ரிட்டன். கல்பாக்கம் பக்கம் ஒரு வீடு கட்டும் இடத்தில் ஹாலோ பிளாக் இறக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து சிற்பக்கூடம் அரை மணி நேரம். கிரேன்காரர் மூன்று மணி வரை நிற்பதாகச் சொன்னார். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன் போட்டேன். எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை, தாள், இரண்டு மணி எல்லாம் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுவே முதல் தடவை.

"செரிக்கா. சிலைய நான் பூ மாதிரி கொண்டு போய் வெச்சிடுறேன். இங்கேர்ந்து மாமல்லபுரத்துக்கு இன்னா ஏத்திகினு போறது?"

"ஒண்ணும் இல்லண்ணா. பதினஞ்சு கிலோமீட்டர்தான்."

"பதினஞ்சா இருந்தா இன்னா, ஐந்நூறா இருந்தா இன்னா."

"அண்ணா, என் வேல போயிடும்."

"புரியுதுக்கா. அதனாலதான் சொல்றேன், சீக்கிரமா ஒரு லோடு புடி."

கெஞ்சிப் பயனில்லை. எனக்குக் கெஞ்சவும் வராது. பிறகு ஸ்தபதியைக் கூப்பிட்டு, கல்பாக்கம் பக்கத்திலிருந்து உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

"யம்மா, அம்மன் அந்தரத்துல தொங்குது. நீ இன்னா, மார்க்கெட்டுக்குப் போறியா?"

சிலைக்கு அடியில் போட என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வைக்கோல் இருக்கிறது, கட்டைதான் பற்றாது, பழைய கட்டையெல்லாம் போன வண்டியோடு போய்விட்டது என்றார். எத்தனை வேண்டும் என்றேன். பன்னிரண்டு என்றார்.

கடலோரம் பூராவும் சவுக்குத் தோப்பு. ரிட்டன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, புதுப்பட்டினத்தில், கட்டை விற்கும் தொட்டி ஒன்றின் நம்பர் என்னிடம் இருந்தது. பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு கட்டையை அவர் வண்டி நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். ரிட்டனைக் கூப்பிட்டேன்.

"லோடு ரெடி. எல்ஆர் எழுதுங்க. பொருள் சவுக்குக் கட்டை. எண்ணிக்கை பன்னெண்டு. அனுப்புறது புதுப்பட்டினம் கட்டத் தொட்டி. வாங்குறது மாமல்லபுரம் சிற்பக்கூடம்."

"யாரு காத்துகினு கீறாங்க?"

"ஸ்தபதி."

நம்பர் கொடு என்றார். கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை ஸ்தபதி எனக்குச் சொன்னார். "உங்க டிரைவர் போன் பண்ணாரும்மா. நீங்க காத்துகினு கீறீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். எவ்ளோ நேரமான்னாரு. காலையிலேர்ந்துன்னேன். அப்ப செரின்னு வெச்சிட்டாரு. யாரும்மா அந்த ஆளு?"

நல்ல டிரைவர் என்றேன்.

ஒன்றரை மணிக்குப் பன்னிரண்டு சவுக்குக் கட்டைகள் முழுத் தார்ப்பாய் மூடி, கயிறு இறுக்கி, சிற்பக்கூடத்துக்குள் நுழைந்தன. கிரேன்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். முடிச்சை அவிழ்க்க வேண்டுமே. ஆனால் மூன்று மணிக்கு அம்மன் வைக்கோல் மேல் மல்லாந்து படுத்துவிட்டது. விரல்களுக்கு ரிட்டன் தன் துண்டைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார். ஸ்தபதியின் ஆட்கள் இரண்டு பேர் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

கிளம்புமுன் கூப்பிட்டார். "அங்கேர்ந்து ரிட்டன்?"

பிடித்து வைத்திருந்தேன். மரவள்ளிக்கிழங்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தோண்டுவார்கள். சனிக்கிழமைக்கு அந்தப் பக்கம் ஒரு மூட்டைகூட இல்லை. ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்திருந்தேன். சொன்னேன். கிழங்கு ஏற்றும்வரை ஹால்டிங் என்றால் தாளும் அவரோடு அங்கேயே நிற்கும். தாளை மட்டும் பஸ்சில் யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன். செரிக்கா என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டார். டூல்பாக்ஸ்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி வந்தது, போனது. அவரிடமிருந்து சத்தம் இல்லை. மலையடிவாரத்தில் டவர் கிடையாதாம். ஸ்தபதியின் ஆட்களுக்கும் லைன் போகவில்லை. கோயில்காரர்கள் நம்பரும் எடுக்கவில்லை. அம்மன் தண்ணீரில் இறங்கியதா, ரோட்டில் நிற்கிறதா, விரல் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. நான் மற்ற வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். பட்டறையிலிருந்து வந்த ஓபன் ஓசூருக்கு, புதுச்சேரிக்கு ஒரு பார்ட் லோடு. வேலை தப்பாமல் நடந்தது. முதலாளி ஒருமுறை என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. முதலாளி சாப்பிட்டுக் கை கழுவினார். நான் டிபன் பாக்சையும் நோட்டையும் பையில் எடுத்து வைத்தேன். நாற்காலியைத் துடைத்தேன். அடுத்து வருகிறவருக்கு எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன்.

ஒன்று நாற்பதுக்கு வண்டி உள்ளே வந்தது.

கயிறெல்லாம் இறுக்கமாக இருந்தது. தார்ப்பாய் முழுசாக மூடியிருந்தது. ஆனால் ஒரு இடத்திலும் மேடு இல்லை. பாய் விரித்த மாதிரி தட்டையாக இருந்தது. எதிர்க்கடையிலிருந்து டீ கிளாசோடு நாலு பேர் எழுந்து வந்தார்கள். காலி வண்டியில் ரிட்டன் வருவதைப் பார்க்க வேண்டாமா? டீக்கடைக்காரர் பயத்தோடு வந்தார்.

முதலாளி வாசலுக்குப் போனார். "யோவ், தாளு எங்க?"

ரிட்டன் கீழே இறங்கினார். கண் சிவந்திருந்தது. சட்டை முழுக்க மஞ்சள் தண்ணீர்க் கறை. "சார், மொதல்ல லோடு எறக்கணும்" என்றார்.

முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். யாரையும் தொட விடவில்லை. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. ரிட்டன் தார்ப்பாயை உருவி இழுத்தார்.

இருபத்திரண்டு அடி வண்டியின் நட்ட நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவர். காற்றில் பறக்காமல் அதன்மேல் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை. கட்டைக்கு எட்டுப் பக்கமும் கயிறு. கவருக்குள் ஒரு தாள்.

ஏறி எடுத்து வந்தார். முதலாளி கை நீட்டினார். அவரைத் தாண்டி உள்ளே வந்து என் கையில் கொடுத்தார்.

எட்டு மணி இருபது நிமிஷத்துக்குச் சிலை வந்து சேர்ந்தது, ஒரு சேதாரமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து, கோயில் முத்திரை. முத்திரை வைத்திருந்தவர் சடங்கெல்லாம் முடித்து வரச் சனிக்கிழமை காலை ஆகிவிட்டதாம். நான் அதை முதலாளி மேசையில் வைத்தேன். மணி ஒன்று ஐம்பத்தைந்து. அவர் இரண்டு தடவை படித்தார். "திங்கக்கெழம ஒரு அர மணி நேரம் முன்னாடி வா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. போதும்.

மரவள்ளிக்கிழங்கு என்ன ஆயிற்று என்று ரிட்டனைக் கேட்டேன். அது ஞாயிற்றுக்கிழமை, வேறு வண்டி அனுப்பு என்றார். கிழங்குக்காரர் என்னைத் திட்டுவார் என்றேன். திட்டட்டும் என்றார்.

"எரநூறு கிலோமீட்டர் இப்படியே வந்தீங்களாண்ணா?"

"எப்படியே?" என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீ காத்துகினு இருந்தியா, இல்லியா?"

"இருந்தேன்."

"அப்புறம் இன்னா."

எல்ஆர் புத்தகத்தை என் முன்னால் வைத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். யாரையும் கேட்காமல் தானே எழுதிய எல்ஆர். எழுத்து மேலும் கீழுமாகப் போயிருந்தது. பொருள், தாள். எண்ணிக்கை, ஒன்று. வாங்குபவர், ஆபீஸ் அக்கா. சரக்கின் அளவு என்ற கட்டத்தில் ஃபுல் லோடு என்று எழுதியிருந்தார்.

படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.